அரிப்புக் கடலில் கிடந்த ஒன்பது கதிர்

பனையோலை வேய்ந்த கொட்டிலில் ஒரு கராஜ் கட்டினேன். உள்நாட்டுச் சண்டையில் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள், அதை விட்டுவிட்டுப் போனோம். புத்தளத்தில் முகாமுக்குப் பக்கத்தில் தகரத்தால் இன்னொன்று கட்டினேன். ஊர் திரும்பியபோது பழைய இடத்தில் காடு முளைத்திருந்தது. காட்டை வெட்டி, சிலாவத்துறைச் சந்தியில் சீமெந்துக் கல்லால் மூன்றாவதைக் கட்டினேன். நானாட்டான் வயல்களுக்குத் தண்ணீர் இறைத்த பம்புகளில் பாதி என் கையால் ஓடியவை. முசலிப் பக்கத்தில் நான் வயிற்றைத் திறந்து பார்க்காத உழவு இயந்திரம் இல்லை. கரண்ட் இல்லாத காலத்தில் பழைய லொறி எஞ்சினை வைத்து ஐஸ் உடைக்கிற மெஷின் செய்து, மீன்காரர்களின் மீனை அழுகாமல் காப்பாற்றினேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, அது என்னை விட்டதா என்பதில் இன்னும் எனக்குச் சந்தேகம் உண்டு.

கடைசியாக ஒன்று செய்தேன். என் வயதைவிடக் கூடிய காலம் கடலுக்கடியில் கிடந்த ஒரு போர் விமானத்தின் எஞ்சினைச் சுற்ற வைத்தேன்.

அந்த எஞ்சின் இன்று தெற்கே ஒரு காட்சி மண்டபத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. அதன் கீழே இப்போதைக்கு ஒரு கடதாசி அட்டை ஒட்டியிருக்கிறார்கள். கூடிய சீக்கிரம் அதே வாசகத்தைப் பித்தளையில் வார்க்கப் போகிறார்களாம். கடதாசியில் என் பெயர் இல்லை. பித்தளையிலும் இல்லாமல் போனால் பிறகு ஒருகாலமும் இல்லை.

அதனால்தான், கிழமைக்குக் கிழமை இந்தப் பத்தியில் எழுதிவரும் என் வாழ்க்கையில் வரிசைப்படி இப்போது எழுதவேண்டிய என் கலியாணக் கதையைத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். மனைவி ஹபீபா கோபிக்கவில்லை. "அந்தக் கதையிலயும் நீங்க எஞ்சினைத்தானே எழுதப்போறீங்க" என்றாள். பெண் பார்க்கப் போன அன்று அவளைப் பார்க்க முதல், வாசலில் நின்ற அவளுடைய வாப்பாவின் ஜீப்பைப் பார்த்தேன் என்பது அவளுடைய நீண்டகால முறைப்பாடு. உண்மைதான். பொனட்டைத் திறந்தும் பார்த்தேன்.

நடுக்கடலில் அமர்ந்த எஞ்சின்

அரிப்பு, எங்கள் சந்தியிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் இருக்கும் கத்தோலிக்கக் கரை. மன்னார்த் தீவில் தோட்டவெளியிலிருந்துகூட எஞ்சினைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வருத்தம் இருக்கும். அரிப்பு எஞ்சின்களுக்கு மட்டும் எப்போதும் ஒரே வருத்தம். பிளக் கறுத்து, நனைந்து, நடுக்கடலில் நின்றுவிட்டு எழும்பமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

எங்கள் வள்ளத்து எஞ்சின்கள் பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெயில் ஓடுபவை. எஞ்சினை அமத்தப் போகிறவன், அதாவது நிறுத்தப் போகிறவன், முதலில் பெற்றோலுக்கு மாற்றி, கொஞ்சம் ஓடவிட்டுத்தான் அமத்தவேண்டும். மண்ணெண்ணெயிலேயே சட்டென்று அமத்தினால் உள்ளே எண்ணெய் தேங்கிவிடும். பிறகு கயிறு இழுத்தே தோள்மூட்டுக் கழன்றுபோகும். கடலுக்குப் போகிற எவனுக்கும் இது தெரியும். அரிப்புக்காரனுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

ஒருநாள் பொறுமை கெட்டு, சவிரிமுத்துவின் வள்ளத்தில் நானே ஏறினேன். சவிரி முங்கிக் கடலட்டையும் சங்கும் எடுக்கிற சுழியோடி. என்னைவிட இளையவன். நாங்கள் புத்தளத்தில் கிடந்த காலத்தில், பாதை திறந்தபோதெல்லாம் கருவாட்டுப் பொதியோடு வந்து பார்த்துவிட்டுப் போனவன். அதனால் அவனை "டா" போட்டுப் பேசுகிற உரிமை எனக்கு உண்டு. அவனுக்கு நான் காக்கா, அண்ணன் முறை.

காலைக் கடல், வெயில் ஊறி அசையாமல் கிடந்தது. எஞ்சின் நோய் நொடியில்லாமல் ஓடியது. கரையில் கோயில் கோபுரம் பழைய இடிந்த மாளிகைக்கு நேரே வந்து நின்றதும், சவிரி எஞ்சினை அமத்தினான். மண்ணெண்ணெயில்தான்.

"டேய், என்னடா செய்யிறாய்?"

"கொஞ்ச நேரம் பேசாம இருங்கோ காக்கா."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். வள்ளத்து முன்முனையில், அணியத்தில், இருந்த அவன் தம்பி தலைத்துண்டை அவிழ்த்தான். இருவரும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். வள்ளம் தன்பாட்டில் வழுகிப் போனது. தண்ணீர் அடியில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் என் வலது காதுக்கு மட்டும். இடது காதை எஞ்சின்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன.

தொப்பியை மறுபடி போட்ட பிறகு சவிரி சொன்னான்: "கீழ ஆண்டவர் இருக்கிறார். அவருக்கு மேலால டப டப எண்டு சத்தம் போட்டுக்கொண்டு போறதே?"

பிறகு கயிற்றை இழுத்தான். இழுத்தான். இழுத்தான். நான் பிளக்கைக் கழற்றி, சாரத்தில் துடைத்து, திரும்பப் போட்டுக் கொடுத்தேன்.

"ஆண்டவர் இருக்கட்டும். பெற்றோலுக்கு மாத்திப்போட்டு அமத்தினா அவர் என்ன கோவிக்கவா போறார்?"

தம்பி சிரித்தான். சவிரி சிரிக்கவில்லை.

பாத்திரப் பார்

அந்த இடத்துக்கு அரிப்பில் பாத்திரப் பார் என்று பெயர். கடலடியில் கல்லும் முருகை என்கிற பவளப்பாறையும் திரண்டிருக்கும் இடத்தை நாங்கள் பார் என்போம். பாத்திரம் என்பது கதிர்ப்பாத்திரம். கோயிலில் நற்கருணை அப்பத்தை நடுவட்டத்தில் வைத்து, சுற்றிவரச் சூரியக் கதிர்போல் பொன்தகடு வைத்துச் செய்தது. பெருநாளில் சுவாமியார் அதை உயர்த்தும்போது சனம் முழங்காலில் நிற்கும். நான் முஸ்லிம் என்றாலும் அரிப்புப் பெருநாளுக்கு ஜெனரேட்டர் ஓட்டப் போகிறவன். கோயில் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்.

சவிரியின் அப்பு, அதாவது அப்பாவின் அப்பா, சங்கு குளிக்கப்போன இடத்தில் அதைக் கண்டாராம். மணலில் ஒரு காம்பு. காம்புக்கு மேலே வட்டம். வட்டத்தைச் சுற்றிக் கதிர்கள். எல்லாவற்றிலும் முருகைக்கல் பூத்திருந்தது. பறங்கியர் காலத்துக் கப்பலோடு தாழ்ந்த கதிர்ப்பாத்திரம் என்று முடிவுகட்டி, கை வைக்காமல் மேலே வந்தார். அன்றிலிருந்து அங்கே வலை போடுவதில்லை, நங்கூரம் இறக்குவதில்லை. பாய்மரக் காலத்தில் பாயை இறக்கினார்கள். எஞ்சின் வந்த பிறகு எஞ்சினை அமத்தினார்கள்.

"எவ்வளவு பெரிசு?" என்று கேட்டேன்.

"ஒரு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறையும்."

"அவ்வளவு பெரிய பாத்திரத்தை எந்தச் சுவாமியார்டா தூக்குவார்?"

"அந்தக் காலத்துச் சுவாமிமார் பலசாலியள்" என்றான் தம்பி.

"கதிர் எத்தினை?"

"ஒன்பது" என்றான் சவிரி. "ஒன்பது அணி சம்மனசுகளுக்கு ஒன்பது கதிர் எண்டு அப்பு சொல்லுவார்." சம்மனசு என்பது அவர்களுடைய வானதூதர்.

"எட்டாயிருக்கும். வடிவா எண்ணினியா?"

"கையால தடவி எண்ணினனான் காக்கா. ஒன்பது."

நான் வள்ளத்தின் நடுப்பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏன் உட்கார்ந்தேன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

சாம்பல் தட்டு

நான் முதல் வேலை பார்த்த கராஜ் மன்னார் ரவுணில் இருந்தது. அதன் முதலாளி தன் மேசையில் ஒரு பெரிய பிஸ்டனைக் கவிழ்த்து வைத்து, அதில் சுருட்டுச் சாம்பல் தட்டுவார். என் இரண்டு கையும் சேர்ந்து பிடித்தால்தான் அடங்கும். எந்த லொறியுடையது என்று கேட்டேன்.

"லொறியோ? விமானமடா. உலகச் சண்டைக் காலத்து விமானம்" என்றார். எங்கே எடுத்தார் என்று கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கதை சொல்வார். ஒரு கதையில் அந்த விமானத்தை அவரே ஓட்டினார்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். லொறிக்கு நாலு அல்லது ஆறு பிஸ்டன், வரிசையில் நிற்கும். அந்தக் கால விமானத்தில் அவை வட்டமாக நின்றன. நடுவில் ஒரே கிராங். ஒரு தாய்க் கம்பி கிராங்கைப் பிடித்திருக்கும்; மற்றப் பிள்ளைக் கம்பிகள் தாயைப் பிடித்திருக்கும். தண்ணீர் கிடையாது. வீசுகிற காற்றுத்தான் சூடு ஆற்றும். பொதி சுற்றி வந்த பழைய சஞ்சிகைத் தாள்களில் படம் தேடினேன். இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. படத்துக்கு வாசிப்பு எதற்கு?

உதிரிப்பாகம் வாங்கத் தெற்கே போகும்போதெல்லாம் பழைய விமானங்களை நிறுத்திவைத்திருக்கும் இடத்துக்குப் போய் நிற்பேன். ஒருமுறை அதிர்ஷ்டம் அடித்தது. ஒரு வான்காட்சியில் வட்ட எஞ்சின் பூட்டிய பழைய விமானமொன்றை ஓடவிட்டார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

முதலில் ஒரு சிலிண்டர் இருமியது. நீலப் புகை வந்தது. விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. இன்னொன்று இருமியது. பிறகு இரண்டு மூன்று சேர்ந்து முறையில்லாமல் சத்தம் போட்டன. ஒரு வீட்டில் சகோதரங்கள் ஒவ்வொருவராக நித்திரை முறிந்து எழும்பி ஒருவரையொருவர் ஏசுவதுபோல. திடீரென்று எல்லாம் ஒன்றாகப் பிடித்தது. அந்தச் சத்தம் காதுக்கு வரவில்லை, நெஞ்செலும்புக்கு வந்தது. சுட்ட எண்ணெய் மணந்தது. என் சட்டை பின்னால் பறந்தது. பக்கத்தில் நின்றவர்கள் காதைப் பொத்தினார்கள். நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேனாம். கூட வந்த மச்சான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

அன்றிரவு பஸ்ஸில் வரும்போது ஒன்றை யோசித்துக் கண்டுபிடித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. அந்த வட்டத்தில் எப்போதும் ஒற்றை எண்தான் இருக்கும். ஐந்து, ஏழு, ஒன்பது. ஏனென்றால் அவை ஒன்று விட்டு ஒன்றாக வெடிக்கவேண்டும். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒரு சுற்று; அடுத்த சுற்றில் இரண்டு, நாலு, ஆறு, எட்டு. இரட்டை எண்ணாக இருந்தால் இந்த முறை இடறும். புத்தகத்தில் இது எப்போதோ இருந்திருக்கும். ஆனால் நான் அதைப் புத்தகத்தில் எடுக்கவில்லை, பஸ்ஸில் எடுத்தேன்.

அதனால்தான் சவிரி ஒன்பது என்றதும் உட்கார்ந்தேன்.

இடுப்பில் கட்டிய சிலிண்டர்

என் முழங்கால் அப்போதே போய்விட்டது. நான் முங்க முடியாது. சவிரியின் கைதான் எனக்குக் கண்.

கராஜுக்குக் கூட்டிவந்து, ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் சிலிண்டரை அவன் கையில் கொடுத்தேன். அதன் வெளிப்புறத்தில் காற்றுப் படுவதற்காக மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும்.

"கண்ணை மூடு. தடவு."

தடவினான். கை நின்றது. கண்ணைத் திறக்கவில்லை.

"முருகை உடைஞ்ச இடத்தில இப்பிடித்தான் இருக்கு" என்றான் மெதுவாக. "ஆனா அது பெரிசு."

"இதைக் கொண்டுபோய் பக்கத்தில வைச்சுப் பார்."

ஒரு கிழமை அவன் வரவில்லை. பிறகு ஒருநாள் காலையில் வந்து, அந்தச் சிலிண்டரை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டான். நானும் வள்ளத்தில் போனேன். பாத்திரப் பாரில் வழக்கம்போல எஞ்சினை அமத்தினான், சிலுவை போட்டான், இறங்கினான். நெடுநேரம். மேலே வந்து வள்ளத்து விளிம்பைப் பிடித்தபடி கிடந்தான். மூச்சுத்தான் வாங்குகிறான் என்று நினைத்தேன்.

"ஒண்டுதான் காக்கா" என்றான். "ஒரே சாமான்தான்."

என் வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோசப்பட்டதில்லை. சந்தோசத்தில் அவன் முகத்தைப் பார்க்க மறந்துவிட்டேன்.

"ஊருக்குச் சொல்லாதீங்கோ" என்றான். நான் சொல்லவில்லை. அவனே சொல்லும்படி ஆனது. அந்தப் பருவத்தில் பெரிய இழுவைப் படகுகள் கரைக்குக் கிட்ட வரத் தொடங்கின. அடிக்கடலை வாருகோல் போட்டது போல வழித்துக்கொண்டு போகிற மடிவலை அவர்களுடையது. பாரின் தெற்குப் பக்கத்தைப் பிய்த்துவிட்டிருந்தது. அவர்கள் எஞ்சினை அமத்துகிற ஆட்களா?

"பாத்திரமெண்டாலும் சரி, எஞ்சினெண்டாலும் சரி, அடுத்த பருவத்துக்கு அங்க ஒண்டும் மிஞ்சாது" என்றான் சவிரி. "தூக்குவம்."

றோசம்மாவின் கேள்வி

ஞாயிறு பூசை முடிந்து, கோயில் வாசலில் வைத்துச் சவிரி சொன்னான். பங்குச் சுவாமியார் தலையை ஆட்டினார். "எனக்கும் எப்பவோ ஒரு யோசனை இருந்தது. கேட்டா ஏசுவீங்கள் எண்டு பேசாம இருந்தனான்" என்றார். ஆண்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சவிரியின் மனைவி றோசம்மாதான் என் முன்னால் வந்தாள். இடுப்பில் கை.

"மீரான் காக்கா, எங்கட ஆண்டவரை எஞ்சினாக்கிப் போட்டீங்கள்."

அவள் பிள்ளை பிழைத்ததற்கு அந்தப் பாருக்கு மேலே மெழுகுதிரி ஏற்றியவள். அந்த மெழுகுதிரிக்கு நான் என்ன கணக்குச் சொல்வது?

அடுத்து அவளே கேட்டாள்: "விமானமெண்டா ஆக்கள் இருந்திருப்பினமே. அவை எங்க?"

நான் கிராங்கைப் பற்றி யோசித்தேன், பிஸ்டனைப் பற்றி யோசித்தேன். ஆட்களைப் பற்றி அந்தக் கணம்வரை யோசித்ததில்லை.

நாங்கள் அறிவித்தல் கொடுத்து, அனுமதி எடுத்த பிறகு, தெற்கிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். அவர்களோடு ஒரு இளம் பொறியியலாளர் பெண். சிங்களப் பிள்ளை. தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவாள். என்னைப் "பாஸ் ஐயா" என்பாள். றோசம்மாவின் கேள்வியை அவளிடம் கேட்டேன். பல இடங்களில் தேடினாள். எந்த விமானம், யார் ஓட்டினார்கள், ஒன்றும் அகப்படவில்லை. இறக்கையும் உடலும் போய்விட்டன. மிஞ்சியது எஞ்சினும், மணலுக்குள் இறங்கி நின்ற ஒரேயொரு விசிறித் தகடும். சவிரியின் அப்பு காம்பு என்று நினைத்தது அதைத்தான்.

"பேர் தெரியாட்டியும் பூசை ஒப்புக்குடுக்கலாம்" என்றாள் றோசம்மா. கொடுத்தாள்.

தூக்கிய அன்று தெற்குச் சுழியோடிகள் காற்றுக் குப்பி முதுகில் கட்டி, பெரிய காற்றுப் பைகளோடு வந்தார்கள். கெட்டிக்காரப் பெடியள், குறை சொல்லமாட்டேன். ஆனால் தண்ணீர் கலங்கியிருந்தது. காலை முழுக்கத் தேடியும் இடம் அகப்படவில்லை. சவிரி கோபுரத்தைப் பார்த்தான், மாளிகையைப் பார்த்தான், ஒரு மூச்சில் இறங்கிக் கயிறு கட்டிவிட்டு வந்தான்.

பை ஊதி, கடல் கொப்பளித்து, அது மேலே வந்தது. நின்றிருந்த அரிப்பு வள்ளங்கள் எல்லாம் எஞ்சினை அமத்தின. யாரும் சொல்லவில்லை. அது எஞ்சின் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும்.

தொட்டிக்குள் ஒரு மழைக்காலம்

உப்பில் கிடந்த உலோகத்தை வெளியே எடுத்து வெயிலில் வைத்தால் பிஸ்கட் மாதிரி உதிரும். அதிகாரிகள் எஞ்சினைத் தெற்குக்கு ஏற்றிப்போக லொறி கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், என் முற்றத்தில் சீமெந்துத் தொட்டி கட்டி முடித்துவிட்டேன். வேலை முடியும்வரை அதை என்னிடமே விட்டுவைத்தார்கள். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, மாற்றி மாற்றி, அந்த மழைக்காலம் போனது. முசலியில் நல்ல தண்ணீர் என்பது என்னவென்று இங்கே இருப்பவனுக்குத் தெரியும். ஹபீபா குடத்தோடு தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறிக்கு நிற்பாள். நான் எஞ்சினுக்கு ஊற்றுவேன்.

"அதையே கலியாணம் கட்டியிருக்கலாமே நீங்க" என்பாள்.

ஒன்பதில் நாலு சிலிண்டர் உளுத்துப்போயிருந்தது. ஐந்து இருந்தது. அதற்குள் இறுகிய பிஸ்டன்களை ஒவ்வொன்றாகச் சூடு காட்டி, எண்ணெய் விட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டினேன். இரும்பால் தட்டினால் உடையும். ஒரு நாளைக்கு ஒரு நகத்தளவு அசையும். சில நாள் அதுவும் இல்லை.

அந்தப் பொறியியலாளர் பிள்ளை மாதத்துக்கொரு தடவை வருவாள். ஒருமுறை வந்து, நான் சங்கிலியில் தொங்கவிட்டிருந்ததைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துச் சிரித்தாள்.

"பாஸ் ஐயா, இது தலைகீழ்."

எண்ணெய் வடிகிற கிண்ணம் கீழே வரவேண்டுமாம். நான் அதை மேலே வைத்து, காற்று வாங்குகிற வாய் என்று எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊரில் பாதிப் பேர் இப்போதும் அப்படித்தான் நம்புகிறார்கள். திருப்பி மாட்டினோம். இதை நான் எழுதாவிட்டால் அவள் எழுதுவாள்.

சுற்றிய அன்று அந்தப் பிள்ளையோடு சவிரியும் இருந்தான். நீளமான குழாயை விசிறித் தண்டில் மாட்டி, மூன்று பேரும் தொங்கினோம். ஒன்றுமில்லை. இன்னொரு தரம். உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்ததாக அவர்கள் சொன்னார்கள். எனக்குக் காது கேட்கவில்லை, உள்ளங்கையில் கேட்டது. குழாய் கொஞ்சம் இறங்கியது. பிறகு இன்னும் கொஞ்சம். பிள்ளைக் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாயைப் பின்பற்றின. பின்னேரத்துக்குள் ஒரு முழுச் சுற்று.

அது ஒருநாளும் வெடித்து ஓடாது. அது எனக்கும் தெரியும். ஆனால் சுற்றும்.

துள்ளவில்லை. கத்தவில்லை. நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பிள்ளை அழுதாள். சவிரி எண்ணெய்க் கையோடு வெற்றிலை மடித்து எனக்குத் தந்தான்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

மண்டபம் திறந்து கொஞ்சக் காலம் கழித்து, சவிரியும் நானும் பஸ் ஏறிப் போனோம். அழைப்பு வரவில்லை, நாங்களாகப் போனோம். எஞ்சின் கழுவித் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் இருந்தது. சரியான பக்கம் மேலே. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு பொத்தானை அமத்த, சின்ன மோட்டார் ஒன்று அதை மெதுவாகச் சுற்றியது. என் ஐந்து பிஸ்டனும் போய் வந்தன.

"வடிவா வைச்சிருக்கினம்" என்றான் சவிரி. பிறகு கேட்டான்: "எங்கட ஊர்ப் பேர் போட்டிருக்கா காக்கா?"

மூன்று மொழியில் எழுதியிருந்தது. தமிழை ஊன்றி வாசித்தேன். மன்னார்க் கடலிலிருந்து சுழியோடிகள் குழுவொன்றினால் மீட்கப்பட்டு, நிபுணர்களால் சீரமைக்கப்பட்டது. அவ்வளவுதான்.

"இல்லை" என்றேன்.

"சரி, விடுங்கோ."

நான் விடுகிற ஆளில்லை. கந்தோருக்குள் போனேன். பொறுப்பதிகாரி மரியாதையாகக் கதிரை தந்தார், தேத்தண்ணி தந்தார். அந்தப் பொறியியலாளர் பிள்ளை வேறு பிரிவுக்கு மாறிப் போய்விட்டாளாம். போகமுதல் எங்கள் பெயர்களைச் சொல்லித்தான் போனாளாம். அதை அவரே ஒப்புக்கொண்டார்.

"அப்ப ஏன் போடேல்ல?"

"பலகையில் இடமில்லை ஐயா. சுருக்கமாக இருந்தால்தான் மக்கள் வாசிப்பார்கள்."

திரும்பி வருகிற வழியெல்லாம் சவிரி ஜன்னலில் தலை சாய்த்து நித்திரை கொண்டான். எனக்கு நித்திரை வரவில்லை. களைப்பு இருந்தது, நித்திரை இல்லை.

மண்டபத்து ஐயாமாரே, யோசித்துப் பாருங்கள். உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் எங்கள் பக்கத்தில் இரும்பு என்று ஒன்று மிஞ்சவில்லை. தண்டவாளம் போனது, பாலத்துக் கம்பி போனது, தாழ்ந்த கப்பலின் தகட்டைக்கூட முங்கி வெட்டிப் பழைய இரும்புக்கு விற்றார்கள். பசி வந்தால் யாரும் விற்பான். அரிப்பில் பசி இருந்தது. அரிப்பில் முங்கத் தெரிந்தவன் வீட்டுக்கு வீடு இருந்தான். அந்த எஞ்சின் அவர்கள் கைக்கெட்டுகிற ஆழத்தில்தான் கிடந்தது. ஒருவரும் தொடவில்லை. பிழையாக நம்பினார்கள் என்று சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். அந்தப் பிழை இல்லாவிட்டால் உங்கள் கண்ணாடிக்குள் வைக்க ஒன்றும் இருந்திருக்காது. அதைப் பாத்திரம் இல்லை என்று ஒப்புக்கொண்டு உங்களிடம் எடுத்துத் தந்தவனுக்கு அது லேசான காரியமும் இல்லை.

அதில் பறந்து செத்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். கேட்டால் சொல்லுவோம்.

பித்தளையை உருக்குவதற்கு முன் இதை எழுதிக்கொள்ளுங்கள். மூன்று பரம்பரையாக வலை போடாமல், நங்கூரம் இறக்காமல் இதைக் காத்தது அரிப்பு ஊர். கையால் தடவிக் கண்டு, கயிறு கட்டிக் காட்டியவன் சவிரிமுத்து. எஞ்சின் என்று அறிந்து, ஊறப்போட்டு, சுற்ற வைத்தவன் சிலாவத்துறை மீரான். என் பெயர் முதலில் வந்தாலும் நான் வெட்கப்படமாட்டேன். அதை உங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன். ஆனால் இடமில்லை என்று மட்டும் மறுபடி சொல்லவேண்டாம். ஒன்பது சிலிண்டரை வைக்க இடமிருந்த மண்டபத்தில், ஒரு ஊருக்கும் இரண்டு கிழவர்களுக்கும் இடம் இருக்கும்.